வீட்டுக் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப்: ரவுட்டரில் போர்ட் திறக்கலாமா, விபிஎன் போடணுமா?

எட்டயபுரத்தான்:
வீட்டில் விண்டோஸ் 11 ப்ரோ கணினி, ஃபைபர் ரவுட்டர். வெளியூரிலிருந்து உள்ளே வர வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் (இணைப்பு வாசல் எண்) 3389-ஐ அப்படியே திறக்காமல், வெளிப்பக்கம் 48213, உள்பக்கம் 3389 என்று ஃபார்வர்ட் செய்தால் (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் கணினிக்கு அனுப்பும்படி வைத்தால்) போதாதா? என்எல்ஏ (திரை தெரியும் முன்பே பாஸ்வேர்டு கேட்கும் வசதி) ஆனில் இருக்கிறது, பாஸ்வேர்டு 16 எழுத்து. ஒரே ஒரு கணினிக்காக விபிஎன் (இணையத்தின் ஊடே மறையாக்கப்பட்ட தனிப்பாதை) அமைப்பது அதிகப்படியாகத் தோன்றுகிறது.

கன்சோல் கண்ணம்மா:
போதாது. எண்ணை மாற்றினால் லாக்கில் குப்பை குறையும், அவ்வளவுதான். மொத்தமே 65,535 போர்ட். மாஸ்கேன் மாதிரி போர்ட் தேடும் கருவிக்கு அத்தனையையும் தட்டிப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. தட்டியதும் ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப் பேசும் நெறிமுறை) தன்னை யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். அது நீட்டும் சான்றிதழில் கணினியின் பெயர் வேறு இருக்கும். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும், லாகினுக்கு முன்பே ஓட்டை இருந்தால் என்ன பயன்? 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டை அந்த வகைதான்.

பாக்கெட் பாண்டி:
இன்னும் எத்தனை வருஷம் புளூகீப்பையே சொல்லி பயமுறுத்துவீங்க மேடம்? அது விண்டோஸ் 7, சர்வர் 2008 காலத்து சமாசாரம். 8-ஐயும் 10-ஐயும் அது தொடவே இல்ல. 11-ல 22ஹெச்2 பதிப்புக்கு அப்புறம் புதுசா நிறுவினா, 10 தடவை தப்பா போட்டதுமே 10 நிமிஷம் கணக்கு பூட்டிக்கும். அப்டேட்டை ஒழுங்கா போடுற ஆளுக்கு இது போதும்.

கன்சோல் கண்ணம்மா:
அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சிவிஇ-2019-1181, 1182 என்ற ஓட்டைகள் இரண்டும் விண்டோஸ் 10-ஐயும் பாதித்தன. என்எல்ஏ இருந்தால் முதலில் சரியான பாஸ்வேர்டு வேண்டும் என்பதால் ஆபத்து குறைந்தது, உண்மை. ஆனால் திருத்தம் வெளியாவதற்கும் நீங்கள் அதைப் போடுவதற்கும் நடுவில் கதவு திறந்தேதான் கிடக்கிறது. அந்தப் பூட்டும் உங்களுக்கே வினையாகும்: உங்கள் பயனர்பெயர் தெரிந்த எவனோ தவறான பாஸ்வேர்டை விடாமல் அனுப்பினால், நீங்களும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

எட்டயபுரத்தான், வயர்கார்டு என்ற விபிஎன் அரைமணி நேர வேலை. ரவுட்டரின் டிஹெச்சிபி (முகவரி வழங்கும்) பக்கத்தில் கணினிக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள், கேபிளில் இணைத்தால் நல்லது. வைஃபை என்றால் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' ஆஃபில் இருக்க வேண்டும், இல்லையேல் ஒதுக்கீடு நிற்காது. வயர்கார்டை அந்தக் கணினியிலேயே நிறுவுங்கள்: அதற்கு 10.44.0.1, லேப்டாப்புக்கு 10.44.0.2. ரவுட்டரில் யுடிபி 51820 மட்டும் ஃபார்வர்ட். பலர் யுடிபிக்குப் பதில் இன்னொரு அனுப்பு முறையான டிசிபியைத் தேர்ந்துவிட்டு ஏன் இணையவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். லேப்டாப்பில் 'அலவ்டு ஐபி' என்ற இடத்தில் 10.44.0.1/32 மட்டும். அங்கே 0.0.0.0/0 போட்டால் லேப்டாப்பின் மொத்த இணையமும் வீட்டுக் கணினிக்குப் போய் அங்கேயே செத்துவிடும்.

பிறகு விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப்பின் டிசிபி, யுடிபி விதிகள் இரண்டிலும் 'ஸ்கோப்' தாவலில் 10.44.0.0/24 மட்டும் என்று கட்டிவையுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி (நிரல்கள் தாமாகவே போர்ட் திறக்கும் வசதி) ஆஃப். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. ஸ்கேன் செய்பவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

நள்ளிரவு நிரலர்:
ரெண்டு பேரும் போர்ட்டுக்குச் சண்டை போடுகிறீர்கள், அவருக்கு பொது ஐபி (இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரி) இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே. ரவுட்டரின் வான் (இணையப் பக்க) முகவரியையும், ஐபி காட்டும் ஏதாவது ஒரு தளம் சொல்வதையும் ஒப்பிடுங்கள். வான் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் சிஜிநாட், அதாவது ஒரே பொது ஐபியைப் பலர் பகிரும் அமைப்பு. என்ன ஃபார்வர்ட் செய்தாலும் ஐபிவி4-இல் உள்ளே எதுவும் வராது. இன்னொன்று, வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சொந்தப் பொது முகவரியைச் சோதிக்காதீர்கள். ஹேர்பின் நாட் (உள்ளிருந்தே பொது முகவரிக்குப் போய்த் திரும்பும் வசதி) இல்லாத ரவுட்டரில் சரியான அமைப்புகூடத் தோற்றதாகவே காட்டும். மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

எட்டயபுரத்தான்:
வான் முகவரி 100.71 என்று தொடங்குகிறது.

நள்ளிரவு நிரலர்:
அப்போது காசு கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டும், அல்லது வயர்கார்டை வைத்து இயங்கும் டெய்ல்ஸ்கேல் சேவை. அதில் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். நேரடிப் பாதை கிடைக்காவிட்டால் அவர்களுடைய ரிலே (இடைநிலை சர்வர்) வழியாகப் போகும், கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

பாக்கெட் பாண்டி:
போர்ட் திறந்தா ஆபத்துன்னுட்டு, வீட்டுக்குள்ள யார் வரலாம்னு முடிவு பண்றதை மூணாவது ஆள்கிட்ட கொடுக்குறதா? அது மட்டும் பாதுகாப்பா?

கன்சோல் கண்ணம்மா:
இதில் பாண்டி கேட்பது நியாயம். தனிச்சாவி கருவியை விட்டு வெளியே போகாது. ஆனால் எந்தப் பொதுச்சாவிகள் உங்கள் வலையில் சேர்ந்தவை என்று சொல்வது அவர்களுடைய சர்வர்தான். 'டெய்ல்நெட் லாக்' போட்டால், ஏற்கெனவே உள்ள கருவி கையெழுத்திடாமல் புதியது சேராது. அதைப் போடாமல் விடாதீர்கள். அந்த சர்வரே வேண்டாம் என்றால் சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றில் ஹெட்ஸ்கேல், அதே வேலையை நீங்களே நடத்தும் மாற்று.

பாக்கெட் பாண்டி:
சரி, நிலையான ஐபி வாங்கினார்னே வைங்க. வயர்கார்டு நிறுவ அட்மின் உரிமை வேணும். அது இல்லாத லேப்டாப்புக்கு எஸ்எஸ்ஹெச் (மறையாக்கப்பட்ட ரிமோட் இணைப்பு) போதும், விண்டோஸ்லயே கிளையன்ட் இருக்கு. லேப்டாப்போட 13389-ஐ வீட்டுக் கணினியோட 3389-க்கு சுரங்கம் போட்டுட்டு, ரிமோட் டெஸ்க்டாப்ல 127.0.0.1:13389-னு கொடுத்தா முடிஞ்சது.

கன்சோல் கண்ணம்மா:
அதை ஏற்கிறேன், பாஸ்வேர்டு லாகினை முழுவதும் அணைத்துவிட்டு, சாவி மட்டும் என்றால். அட்மின் கணக்குக்கு விண்டோஸின் எஸ்எஸ்ஹெச் சர்வர் சாவியைப் பயனரின் கோப்புறையில் தேடாது, புரோகிராம்டேட்டாவில் எஸ்எஸ்ஹெச் கோப்புறையில் உள்ள தனிக் கோப்பில்தான் தேடும். அங்கேதான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். சுரங்கத்தில் யுடிபி போகாது, அதனால் வீடியோ திக்கும். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி துறையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எட்டயபுரத்தான்:
டெய்ல்ஸ்கேல் போட்டேன், இணைகிறது. ஆனால் பாஸ்வேர்டு தவறு என்கிறது. கணினி முன்னால் உட்கார்ந்தால் பின் நம்பர் போட்டு உள்ளே போக முடிகிறது.

நள்ளிரவு நிரலர்:
பின் நம்பர் அந்தக் கணினிக்கு மட்டும்தான், ரிமோட்டில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், அந்தக் கணினியில் நேரடியாக ஒருமுறை பாஸ்வேர்டு போட்டு உள்நுழையுங்கள், பிறகு ரிமோட்டிலும் ஏற்கும். ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். பயாஸில் மின்சாரம் திரும்பினால் தானாக எழும்படி வையுங்கள், கரண்ட் போய் வந்தாலும் கணினி அணைந்தே கிடக்காது. பின்னாளில் டைனமிக் டிஎன்எஸ்ஸோடு (மாறும் ஐபியை ஒரு பெயரோடு கட்டிவைக்கும் சேவை) வெறும் வயர்கார்டுக்கு மாறினால் ஒன்று: டன்னலை ஆன் செய்யும்போது மட்டும்தான் அது பெயரை முகவரியாக மாற்றிப் பார்க்கும். நடுவில் வீட்டு ஐபி மாறினால் டன்னலை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள்.