குடும்பக் குழுவில் ஒரு குகைக் கல்

பெரியப்பா (முதுகுளத்தூர்): எனக்கு ஒரு செய்தி வந்தது. 4,200 ஆண்டுகளுக்கு முன் ஒரே வறட்சியில் சிந்துவெளி நகரங்கள் அடியோடு அழிந்தனவாம். மேகாலயாவில் ஒரு குகைக் கல்லே அதற்குச் சாட்சியாம். மலர், உண்மையா?

மலர்: கல் உண்மை, பெரியப்பா. "ஒரே வறட்சியில் அடியோடு" என்பது தவறு.

மலர்: சிரபுஞ்சிக்கு அருகே மௌம்ளு குகை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை வழியே கசியும் மழைநீர் சொட்டிச் சொட்டித் தரையில் கல்முளையாக வளர்கிறது. பருவமழை வலுத்த காலத்து அடுக்கில் கனமான ஆக்ஸிஜன்-18 குறைவாக இருக்கும், மழை தளர்ந்தால் கூடும். 2018-இல் நிலவியலாளர்கள் நாம் வாழும் காலகட்டத்துக்கு மேகாலயன் என்று பெயர் வைத்ததே அந்தக் குகைக் கல்முளை ஒன்றை அளவுகோலாகக் கொண்டுதான்.

சரவணன்: அக்கா, கல்லின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

மலர்: யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது என்றே சொல்லலாம். அதனால் புதிய அடுக்கில் யுரேனியம்தான் படியும். அது சிதையச் சிதையத் தோரியம் சேரும். இரண்டின் விகிதத்தில் வயது கிடைக்கும். சீனக் குகைகளில் இப்படி 6,40,000 ஆண்டு மழைக் கணக்கைத் தொகுத்திருக்கிறார்கள். பூமியின் அச்சு தள்ளாடும் சுமார் 23,000 ஆண்டுச் சுழற்சி அதில் அலை அலையாகத் தெரிகிறது.

பெரியப்பா: சரி, நகரங்கள் ஏன் வெறிச்சோடின?

மலர்: முதலில் கணக்கைப் பாருங்கள். வறட்சி தொடங்கியது கி.மு. 2200 வாக்கில். பெரிய நகரங்கள் தளர்ந்தது கி.மு. 1900 வாக்கில். இடையில் 300 ஆண்டுகள், பத்துத் தலைமுறைக்கு மேல்! அதே குகையின் வேறு கல்முளைகள் ஒரே அடியைக் காட்டவில்லை. பத்தாண்டுக் கணக்கில் நீடித்த வறட்சிகள் விட்டுவிட்டு வந்ததைக் காட்டுகின்றன. மக்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. குஜராத்தில் இருந்த சிந்துவெளி நகரமான தோலாவிராவில் பாறையைக் குடைந்து நீர்த்தேக்கங்கள் அமைத்திருந்தார்கள். பிற்காலத்தில் பலர் கிழக்கே சிற்றூர்களில் குடியேறினார்கள். எழுத்தும் முத்திரையும் மறைந்தன, உழவு மறையவில்லை. மழை குறைந்ததைக் கல் சொல்லும். மனிதர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை அகழாய்வுக் குழியில்தான் தேட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி "அழிந்தார்கள்" என்று எழுதுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

பெரியப்பா: நியாயம்தான். கண்மாய் வறண்ட ஆண்டுகளில் நம் ஊரும் காலியாகிவிடவில்லையே. நெல்லை விட்டு மிளகாய் போட்டோம், கரி மூட்டம் போட்டோம்.

ராணி அத்தை (பாம்பன்): மேகாலயாவில் வறட்சி என்றால் அப்போது நம் கரையிலும் வறட்சிதானா?

மலர்: அப்படிச் சொல்ல முடியாது, அத்தை. அந்தக் கல் பதிந்தது தென்மேற்குப் பருவமழையை. நமக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் மழை. ஒன்றின் கணக்கை மற்றதற்கு எழுதக் கூடாது. நம் கரையில் அப்படிப்பட்ட குகையும் இல்லை. ஆனால் பவளம் இருக்கிறது. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு அடுக்காக வளர்கிறது. யுரேனிய முறையில் அதற்கும் வயது கணிக்கலாம்.

சரவணன்: நம் கடல் எப்போதும் இங்கேயே இருந்ததா?

மலர்: இல்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம்.

ராணி அத்தை: எங்கள் பழைய மதில் சுவர் கடற்கல்தான், அதாவது கடலில் வெட்டிய பவளக் கல். வரும் வாரம் இடிக்கிறார்கள்.

மலர்: அத்தை, கற்களைக் கொட்டிவிடச் சொல்லாதீர்கள். எந்தத் திட்டிலிருந்து வெட்டியது என்று தெரியாததால் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. இருந்தாலும் ஒன்றை அறுத்து, அடுக்கு தெரிகிறதா என்று பிள்ளைகளோடு பார்க்க வேண்டும். கடலில் இருக்கும் பவளத்தை மட்டும் யாரும் தொட வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

ராணி அத்தை: நான்கைந்து கற்களைத் திண்ணையில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வா. சரவணனையும் அழைத்து வா.