புதுப்பிப்பு: லுவார் பள்ளத்தாக்கு மாளிகையும் லாயத்து அலுவலகங்களும்

பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் விற்பனைக்கு வந்துள்ள ஒரு ஷாத்தோவை, அதாவது நாட்டுப்புற மாளிகையை, வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அதன் குதிரை லாயமும் தானியக் களஞ்சியமும் அலுவலகங்களாக மாற்றப்பட்டிருந்ததே என்னை ஈர்த்தது. நகர்மன்றக் கோப்புகளைப் பார்த்ததில், லாயத்தின் பயன்பாட்டு மாற்றத்துக்கு முறையான அனுமதி இருப்பதும், களஞ்சியத்துக்கு எந்தப் பதிவும் இல்லாததும் தெரியவந்தன. ஆகவே, களஞ்சியத்துக்கும் அந்த அனுமதி கிடைத்தால் மட்டுமே விற்பனை செல்லும் என்ற நிபந்தனையை முன் ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு நோட்டேரிடம், அதாவது சொத்து விற்பனை ஆவணங்களைத் தயாரிக்கும் சட்ட அலுவலரிடம், கேட்டிருக்கிறேன்.

மாளிகை கைமாறினால் லாயத்தில் இருக்கும் நிறுவனம் வெளியேற வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. அவர்களுடையது வணிகக் குத்தகை. பிரெஞ்சுச் சட்டப்படி அது குறைந்தது 9 ஆண்டுகளுக்கானது, பொதுவாக 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகைதாரர் விலகலாம், உரிமையாளர் மாறினாலும் குத்தகை தொடரும்.

வாடகை வருமானத்தையே கணக்கிட்டுக்கொண்டிருந்தவர்கள் (முதல் குற்றவாளி நானே) கவனிக்காதது சுவர்களை. துஃபோ என்னும் அப்பகுதியின் மென்மையான சுண்ணாம்புக்கல் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. அலுவலகமாக்கியபோது அதன்மேல் சிமெண்ட் பூசியதால், ஈரம் வெளியேற வழியின்றிக் கல் பொரிந்து உதிர்கிறது. அந்தச் சிமெண்ட் பூச்சை அகற்றிச் சுண்ணாம்புச் சாந்து பூசுவதற்கான மதிப்பீடு வந்த பிறகே விலை பேசுவேன்.