ஏற்காட்டுக்கு இ-பாஸ்: கருத்துக்கணிப்பு எடுத்து அரசு முடிவு செய்யலாமா?

கோரிமேடு வாசகர்
ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஏற்காட்டுக்கும் இ-பாஸ், அதாவது வண்டிகள் இணையத்தில் முன்பதிவு செய்து அனுமதி வாங்கித்தான் மலை ஏறணும் என்ற வாகனக் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. "க்யூஆர் கோடு ஒட்டுங்கள், வாட்ஸ்அப்பில் லிங்க் விடுங்கள், பெரும்பான்மை சொல்வதைச் செய்யுங்கள்" என்கிறார்கள். அப்படி வரும் கணக்கை நம்பி அரசு முடிவெடுக்கலாமா? முறையாக எடுப்பதென்றால் எத்தனை பேரிடம், எப்படிக் கேட்பது?

மாதிரிக்கணக்கு
லிங்க் விட்டு வாங்குவதைக் கணிப்பு என்றே சொல்லக்கூடாதுங்க. நேரமும் ஆத்திரமும் உள்ளவர்கள்தான் வந்து பதில் போடுவார்கள். 2018-ல் ஐரோப்பிய ஆணையம் கோடைக்கால நேரமாற்றத்தை நிறுத்தலாமா என்று இணையத்தில் கேட்டது. 46 லட்சம் பதில்கள், 84 சதவீதம் 'நிறுத்து'. அதில் சுமார் 70 சதவீதம் ஜெர்மனி என்ற ஒரே நாட்டிலிருந்து வந்தவை. எண்ணிக்கை எவ்வளவு பெருத்தாலும் இந்தக் கோணல் நிமிராது.

முறையாக எடுத்தால் 384 பேர் போதும். 95 சதவீத உறுதியோடு 5 புள்ளி முன்பின் பிழை, அதாவது இதேபோல் நூறு தடவை எடுத்தால் சுமார் 95 தடவை உண்மை நிலையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குள்தான் விலகும். 3 புள்ளிக்குக் குறைக்க 1,067 பேர் வேண்டும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கு. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கில் சுமார் 34.8 லட்சம். மாவட்டம் முழுக்க விகிதப்படி 400 பேரைப் பொறுக்கினால் ஏற்காடு மலைக்காரர்கள் ஐந்தாறு பேர்தான் வருவார்கள். அந்தக் கணிப்பு சொல்வது, மலையைப் பற்றி சமவெளி என்ன நினைக்கிறது என்பதை மட்டும். அதனால் மலைக்குத் தனி மாதிரி, கீழே தனி மாதிரி; முடிவையும் தனித்தனியாக வெளியிடணும்.

மலையில் ஊருக்கு 10 பேர் என்று எடுத்தால் 384 பத்தாது. ஒரே ஊர்க்காரர் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். அந்த ஒற்றுமையை 0.1 என்று வைத்தால் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் ஊரே ஒரே பதில்), ஒருவர் போக மீதி 9 பேருக்கு 1 + (9 × 0.1) = 1.9 மடங்கு, அதாவது சுமார் 730 பேர். ஊருக்கு 5 பேராகக் குறைத்து ஊர்களைக் கூட்டினால் 540-ல் முடியும். அலைச்சல் கூடும், ஆனாலும் அதுதான் மேல்.

வாக்காளர் பட்டியலில் இருந்து குலுக்கி எடுக்கலாம். வெளியூரிலிருந்து வந்து தோட்ட லைன் வீடுகளில் தங்குவோர் அதில் விடுபடுவார்கள், அவர்களைத் தனியாகச் சேர்க்கணும். காபி பறிப்புக் காலத்தில் பகல் 11 மணிக்குக் கதவைத் தட்டினால் வயசானவர்கள்தான் இருப்பார்கள். மாலை 6-க்கு மேல் போங்க. பூட்டியிருந்தால் இன்னும் இரண்டு தடவை வேறு வேறு நாளில் போகணும். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் மொத்தமும் வீண்.

சொல்லும் பொருளும்
கேள்வியை எழுதுவது யார் என்பதும் முக்கியம். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். மக்களாட்சிக்கு எதிரான பேச்சை 'அனுமதிக்கக் கூடாது' என்றவர்கள் 75 சதவீதம். 'தடை செய்யணும்' என்றவர்கள் 54 சதவீதம். சொல் மாறினதும் 21 புள்ளி போச்சு.

"நெரிசலைக் குறைக்க இ-பாஸை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டால் யார் 'இல்லை' என்பார்கள்? நெரிசலையும் பாஸையும் ஒரே கேள்வியில் முடிச்சுப் போட்டாச்சே. இப்படிக் கேளுங்க: "சனி, ஞாயிறு வெளியூர் கார்கள் முன்பதிவு செய்துதான் மலை ஏறலாம் என்று வைத்தால், உங்கள் வருமானம் கூடுமா, குறையுமா, மாறாதா?" பிறகு மலைக்கு உள்ள இரண்டு பாதைகளைப் பற்றித் தனியாக, "ஏறுவது அடிவாரம் வழி, இறங்குவது குப்பனூர் வழி என்று வைத்தால்?" 'தெரியாது' என்ற பதிலுக்கும் கட்டம் இருக்கணும். இல்லாவிட்டால் தெரியாதவர்களும் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள்.

நாகலூர் பாதை
இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் கேள்வி 'எப்படி எடுப்பது' என்பதோடு நிற்கவில்லை, 'அதை வைத்து முடிவெடுக்கலாமா' என்பது. என் பதில்: கூடாது.

20 கொண்டை ஊசி வளைவு உள்ள சாலை ஒரு மணிக்கு எத்தனை வண்டி தாங்கும் என்பதை ஓட்டுப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சோதனைச் சாவடியில் ஆளை உட்கார வைத்து எண்ணணும், குப்பனூர் பாதையிலும் சேர்த்து. ஒன்றை மூடினால் வண்டியெல்லாம் மற்றதில் ஏறும். ஊட்டி, கொடைக்கானலில் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது உயர் நீதிமன்ற உத்தரவால். 2025 கோடைக்கு ஊட்டிப் பக்கம் ஒரு நாளைக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வைத்ததும் நீதிமன்றம்தான்.

இன்னொன்று, கணிப்பில் எல்லாத் தலையும் ஒரே எடை. கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போகிறவருக்கு அது அரை மணி நேரத் தாமதம். மலையில் சோளம் சுட்டு விற்கிற அம்மாவுக்கு அது அந்த வாரத்துச் சாப்பாடு. இரண்டையும் ஒன்று, ஒன்று என்று கூட்டுவது நியாயமில்லை.

நியம்கிரி மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) வெட்டலாமா என்பதற்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒடிசா முழுக்கக் கருத்துக் கேட்கச் சொல்லவில்லை. விஷயத்தை அந்த மலையின் கிராம சபைகளிடம் அனுப்பியது. 12 சபைகளும் மறுத்தன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள், இங்கே உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

கோரிமேடு வாசகர்
அப்போ கணிப்பே வேண்டாமா?

நாகலூர் பாதை
எடுக்கணுங்க, முடிவுக்கு முன்னால், திட்டம் வரையும்போதே. யாருக்கு விலக்கு வேண்டும் என்பது அதில்தான் தெரியும்: மிளகு மூட்டை ஏற்றும் வண்டி, இரவில் சேலம் அரசு மருத்துவமனைக்கு ஓடுகிற ஜீப். கேள்வித்தாள், எடுத்த தேதி, எத்தனை வீடு பதில் தரவில்லை என்ற கணக்கு எல்லாவற்றையும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டச் சொல்லுங்க. அதற்குப் பிறகு கிராம சபையில் வைத்துப் பேசட்டும். மே மாதக் கோடை விழா சமயத்தில் மட்டும் எடுக்க விடாதீங்க, சுற்றுலா வந்தவர்கள் பதில்தான் நிறையும்.