குடும்பப் பயணத்துக்கு மடக்குச் சக்கர விமானம்: ஆரோவா, கார்டினலா, மூனியா?

ஆர்ச்சர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் டல்லாஸுக்கு வடக்கே வசிக்கிறேன். தனியார் விமானி உரிமமும் கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதியும் பெற்றிருக்கிறேன். இதுவரை பறந்த 310 மணி நேரத்தில் பெரும்பகுதி வாடகைக்கு எடுத்த பைப்பர் ஆர்ச்சரில் கழிந்தது. பறக்கும்போது சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்ளும் விமானத்தில் ஒரு மணி நேரம்கூடப் பறந்ததில்லை. நானும் மனைவியும், 11 வயது மகனும் 7 வயது மகளுமாக, ஆண்டுக்கு ஐந்தாறு முறை ஹூஸ்டனை அடுத்த பேர்லாண்டில் உள்ள மீனாட்சியம்மன் கோயிலுக்கும், அப்படியே அங்கிருக்கும் உறவினர் வீட்டுக்கும் போய் வருகிறோம். கோடையில் ஒரு முறையாவது நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேவுக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பேர்லாண்ட் ஏறத்தாழ 210 கடல் மைல், சாண்டா ஃபே 480.

பழைய விமானம் ஒன்றை வாங்க 1,20,000 டாலர் வரை ஒதுக்கியிருக்கிறேன். பைப்பர் ஆரோ, செஸ்னா கார்டினல் ஆர்ஜி, மூனி எம்20ஜே ஆகிய மூன்றும் மனத்தில் இருக்கின்றன. பைப்பர் கோமான்ச்சி 250 ஒன்றும் கண்ணில் பட்டது. அதன் விலை குறைவாக இருப்பதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. எங்கள் நால்வரின் எடை 450 பவுண்டு, பெட்டிகள் 70 பவுண்டு. சக்கரம் மடங்கத்தான் வேண்டுமா என்று மனைவி கேட்கிறார். அவருக்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கார்டினல்காரன் எழுதியது:

உங்கள் மனைவி கேட்டதுதான் முதல் கேள்வி. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சக்கரம் மடங்காத ஆர்ச்சர் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்), காற்றுத் தடை குறையச் சக்கரத்தை மடக்கிக்கொள்ளும் ஆரோ 137, எம்20ஜே 155 என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் பேர்லாண்டுக்கு ஆர்ச்சரில் 1 மணி 45 நிமிடம் ஆகும். ஆரோவில் 13 நிமிடமும் மூனியில் 24 நிமிடமும் மிச்சமாகும். கோயில் வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே அந்த நேரம் போய்விடும். சாண்டா ஃபேவுக்கு மட்டும் கதை வேறு: 4 மணி நேரப் பயணம் ஆரோவில் மூன்றரையாகவும் மூனியில் 3 மணி 6 நிமிடமாகவும் குறைகிறது. மேற்கே போகும்போது எதிர்க்காற்று அடித்தால் இந்த வேறுபாடு இன்னும் கூடும். பின் இருக்கையில் 7 வயதுக் குழந்தை இருக்கும்போது, இடையில் இறங்காமல் போய்ச் சேர முடிகிறதா என்பது பெரிய விஷயம். ஆண்டுக்கு ஒரே ஒரு சாண்டா ஃபே பயணம்தான் என்றால், மடக்குச் சக்கரத்துக்காக ஆண்டுதோறும் கூடுதலாகக் கட்டும் காப்பீட்டுத் தொகையும் பராமரிப்புச் செலவும் அதற்குத் தகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சக்கரம் மடங்காத செஸ்னா 182 ஏறத்தாழ ஆரோவின் வேகத்திலேயே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மடக்குச் சக்கரமே வேண்டும் என்றால், நான் கார்டினலின் பக்கம். பதினோரு ஆண்டுகளாக அதைத்தான் வைத்திருக்கிறேன் என்பதால் என் சொல்லில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1971 முதல் 1978 வரை தயாரான இந்த விமானத்தில் 200 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் எஞ்சின் இருக்கிறது. இருபுறமும் அகலமான கதவுகள். இறக்கையைத் தாங்கும் கம்பி இல்லை. அறையின் தரை தாழ்வாக இருப்பதால் குழந்தைகள் தாங்களாகவே ஏறிக்கொள்கிறார்கள். ஆரோவில் வலப்பக்கத்து ஒரே கதவு வழியாக, இறக்கையின் மேல் ஏறி, நால்வரும் ஒருவர் பின் ஒருவராக நுழைய வேண்டும்; ஓட்டுபவர் முதலில் ஏறி ஓரத்துக்கு நகர வேண்டும். மழை நாளில்தான் இந்த வேறுபாடு உறைக்கும்.

ஆரோ வாங்குவதாயின் 1972க்குப் பிந்தைய ஆரோ 2 அல்லது 1977க்குப் பிந்தைய ஆரோ 3 பாருங்கள். முந்தையவற்றில் பின் இருக்கைக்காரருக்குக் கால் நீட்ட இடமில்லை. 1972இல்தான் அறையை 5 அங்குலம் நீட்டினார்கள். ஆரோ 3இல் 72 கேலன் பெட்ரோல் கொள்ளும். ஆனால் அத்தனையும் நிரப்பினால் அதன் எடையே 432 பவுண்டு ஆகிவிடும்; ஏறக்குறைய உங்கள் குடும்பத்தின் எடை.

கிரீஸ்கை எழுதியது:

நான் விமான மெக்கானிக். மாதிரியை முடிவு செய்வதற்கு முன், குறிப்பிட்ட அந்த ஒரு விமானத்தின் உடல்நிலையைப் பாருங்கள். ஐம்பது வயதான விமானங்களில், ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரு மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது.

2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஆரோ ஒன்றின் இடது இறக்கை வானிலேயே பிய்ந்து இருவர் இறந்தனர். இறக்கையின் முதன்மைத் தண்டில், போல்ட் துளையருகே, உலோகக் களைப்பால் ஏற்பட்ட விரிசலே காரணம். அதன் பிறகு, பயிற்சிப் பள்ளிகளில் நெடுநாள் உழைத்த விமானங்களின் அந்தத் துளைகளை மின்சுழலோட்டத்தால் விரிசலைக் கண்டறியும் எடி கரண்ட் முறையில் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டளையிட்டது. ஆகவே விமானத்தின் பராமரிப்பைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் 100 மணி நேரச் சோதனைகள் எத்தனை பதிவாகியிருக்கின்றன என்று எண்ணுங்கள். நிறைய இருந்தால் அந்த விமானம் வாடகைக்கோ பயிற்சிக்கோ ஓடியது என்று பொருள். கார்டினல்காரர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: கம்பியில்லாத இறக்கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது அறையின் கூரைக்குள் ஓடும் ஒரு குறுக்குத் தண்டு. 2019இல் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே இதே அமைப்புள்ள செஸ்னா 210இன் இறக்கை முறிந்தது. கார்டினலிலும் கூரைத் துணியை இறக்கி, அந்தத் தண்டில் அரிப்பு உள்ளதா என்று கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மூனியில் வேறு இரண்டு இடங்கள். பெட்ரோல் தொட்டி தனியாக இல்லை. இறக்கையையே பசை பூசித் தொட்டியாக்கியிருக்கிறார்கள். பசை காய்ந்தால் ஒழுகும். முழுவதும் சுரண்டி மறுபடி பூசுவது பெருஞ்செலவு. இறக்கைக்கு அடியில் ஒழுகிய பெட்ரோலின் நீலக் கறை தெரிந்தால் பேரம் பேசும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. அடுத்து, அறையைச் சுற்றி எஃகுக் குழாய்க் கூண்டு ஒன்று இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கசியும் மழைநீர் உள்ளே இருக்கும் பஞ்சில் ஊறி அந்தக் குழாய்களைத் துருவாக்கும். பக்கவாட்டுப் பலகைகளைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கோமான்ச்சி நல்ல விமானம்தான். ஆனால் 1972இல் அக்னெஸ் புயல் வெள்ளம் பைப்பரின் லாக் ஹேவன் தொழிற்சாலையை மூழ்கடித்ததோடு அதன் தயாரிப்பு நின்றுபோனது. சக்கர அமைப்பில் உள்ள ரப்பர் வார்களைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். அந்த மாதிரியை அறிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லாதவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதுவானாலும் விமானத்தை ஜாக்கில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைப் பலமுறை மடக்கி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவசர வழியிலும் ஒரு முறை இறக்கச் சொல்லுங்கள். விற்பவரின் மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையை ஒப்படைக்காதீர்கள். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பது போலவே, விமானத்துக்கும் ஓக்லஹோமா நகரில் உள்ள அமெரிக்க விமானப் பதிவேட்டில் கடன் பாத்தியம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

லான்ஸ்தாத்தா எழுதியது:

தம்பி, இன்றைய எடையைச் சொன்னீர்கள். ஐந்தாண்டு கழித்து மகனுக்கு 16 வயது. அப்போது நால்வரும் சேர்ந்து 560 பவுண்டு, பெட்டிகள் 100, ஆரோ 2இன் 48 கேலன் பெட்ரோல் 288, ஆக 948. அந்த விமானங்கள் பெரும்பாலும் 1,000 பவுண்டு அளவில்தான் சுமக்கும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்கினால் அவர்களை எங்கே உட்கார வைப்பீர்கள்? எனக்கு அப்படி நேர்ந்ததால்தான் நான்கு இருக்கை விமானத்தை மூன்றே ஆண்டில் விற்றுவிட்டு, 1976ஆம் ஆண்டு பைப்பர் லான்ஸுக்கு மாறினேன். ஆறு இருக்கை, 300 குதிரைத்திறன், பின்னால் தனிக் கதவு. மணிக்கு 15, 16 கேலன் குடிக்கும். அந்தக் கசப்பை மறைக்கவில்லை.

சாண்டா ஃபே விமான நிலையம் 6,300 அடிக்கு மேலே இருக்கிறது. 30 பாகை வெயிலில் அங்கே எஞ்சினும் இறக்கையும் 9,500 அடி உயரத்தில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். டர்போ (உயரத்திலும் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) இல்லாத 200 குதிரைத்திறனை நம்பி, நால்வரோடும் முழுத் தொட்டியோடும் பிற்பகலில் கிளம்பாதீர்கள். விடியலில் கிளம்புங்கள், பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்ச்சர்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. காப்பீட்டு முகவரிடம் பேசினேன். ஆரோவுக்கும் கார்டினலுக்கும் பயிற்றுநரோடு 15 மணி நேரம், மூனிக்கு 25 மணி நேரம் பறந்த பிறகே குடும்பத்தை ஏற்றலாம் என்கிறார். மூனியின் முதலாண்டுக் கட்டணத்தைக் கேட்டதும் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். லான்ஸ் என் பணத்துக்குள் அடங்கவில்லை; பெற்றோர் வரும்போது காரில் போய்க்கொள்வோம் என்று மனைவி முடிவு சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை வாடகை ஆரோ ஒன்றில் முதல் பாடம்.

கிரீஸ்கை ஐயாவிடம் ஒரு கேள்வி. 1975ஆம் ஆண்டுக் கார்டினல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் பிரித்துக் கோத்து 600 மணி நேரம்தான் ஆகிறது. கூரைத் தண்டைக் காட்டவும் சம்மதிக்கிறார்கள். ஆனால் கடந்த மூன்று ஆண்டில் 9 மணி நேரம் மட்டுமே பறந்திருக்கிறது. இது நல்லதா, கெட்டதா?

கிரீஸ்கை எழுதியது:

கெட்டது. லைகமிங் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மேற்பகுதியில் இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து, தண்டு காய்ந்து, துரு பிடிக்கும். அந்த 600 மணியை நம்பாதீர்கள். ஒரு சிலிண்டரையாவது கழற்றிக் கேமைப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் மேலே பேசுங்கள். சம்மதிக்காவிட்டால், எஞ்சினை மறுபடி பிரித்துக் கோக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.