மன்னார்குடி பக்கம் ஒரு மாணவியர் விடுதி: டிசைனில் எதை மாற்றலாம்?

மன்னை மாணவி:
வணக்கம். பி.ஆர்க் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்து புராஜெக்ட், திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு வேளாண் கல்லூரி வளாகம். அதில் 120 பேர் தங்கும் மாணவியர் விடுதியும் ஒரு நூலகமும் என் பங்கு. மனைக்கு மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால்.

முதல் ஜூரிக்கு (டிசைனை மதிப்பிடும் குழுவுக்கு) நான் வைத்தது இது: நடுவில் நடை, இரு பக்கமும் அறைகள். மனையில் தோண்டும் மண்ணிலேயே அழுத்திய மண்கல். மேலே மூங்கில் சட்டத்தில் கீற்றுக் கூரை. நூலகத்துக்கு ஜாலிச் சுவரும் (காற்று நுழையத் துளைகள் விட்ட சுவர்), தண்ணீர் தெளித்துக் காற்றைக் குளிரவைக்கும் கோபுரமும். வெளியிலிருந்து வந்திருந்த ஆர்க்கிடெக்ட் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "சோலார் பேனலை எடுத்துவிட்டால் இதில் பசுமை எங்கேம்மா?" என்றார். அவ்வளவுதான், அடுத்த ஷீட்டுக்குப் போய்விட்டார். பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போடும் கிரிஹா பட்டியலை வைத்துக் கூட்டிப் பார்த்தால் புள்ளிகள் நன்றாகத்தான் வருகின்றன. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. டெல்டாவில் கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குடந்தை ஆர்க்கிடெக்ட்:
அந்தக் கோபுரத்தை முதலில் அடித்துவிடும்மா. தண்ணீர் தெளித்தால் குளிர்வது வறண்ட ஊரில். மூன்று பக்கம் வயல் என்கிறாய், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். இன்னும் ஈரம் சேர்த்தால் புழுக்கம்தான், நூலகத்தில் புத்தகமும் பூசணம் பிடிக்கும்.

உன் பெரிய சிக்கல் நடுநடை. இங்கே உடம்புக்கு ஆறுதல் தருவது காற்று மேலே படுவதுதான். இரு பக்கமும் அறை வைத்தால் ஒரு ஜன்னலில் நுழைந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லை. ஒரே வரிசையில் அறை, வடக்கே தாழ்வாரம், தெற்கே ஜன்னல் என்று போட்டுப் பார். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று, மாலையில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று, இரண்டுமே தெற்கு ஜன்னலில் சாய்வாக நுழையும். பாண்டிச்சேரியில் ஆசிரமத்து கோல்கொண்டே விடுதியைப் போய்ப் பார். அன்டோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்தது. நீள முகங்கள் வடக்கிலும் தெற்கிலும், முழுக்கத் திருப்பக்கூடிய பலகைகள். உன் புராஜெக்டுக்கு அதைவிடப் பொருத்தமான முன்மாதிரி பக்கத்தில் இல்லை.

இன்னொன்று. வடக்குப் பக்கம் வெயிலே படாது என்று வடநாட்டுப் பாடப்புத்தகம் சொல்லும். நம் ஊர் அட்சரேகை 11 டிகிரிக்குள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் பின்பகுதி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் விழும். அதனால் தாழ்வாரத்தை வடக்கே வைத்தது வீணாகாது. கிழக்கு மேற்குச் சுவர்களில் மாடிப்படி, குளியலறைகளை வை.

கீற்றுக் கூரை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் தங்கும் கட்டடத்துக்குக் கீற்று என்று இந்த ஜில்லாவில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேறு என்ன செய்தது என்று உனக்கே தெரியும். கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்து ஊற்றும் ஃபில்லர் ஸ்லாப் போடு, மேலே வெள்ளை ஓடு பதி. சிமென்ட்டும் மிச்சம், சூடும் குறையும்.

ஓய்வுபெற்ற சைட் மேஸ்திரி:
மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன் பாப்பா. அந்தப் பக்கம் களி. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் வைத்துப் பார். அடியில் மணல் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். களி கூடினால் சிமென்ட் கலந்த கல் வெடிக்கும். சுண்ணாம்பு கலந்தால் பிடிக்கும், ஆனால் காய நாளாகும். வல்லம் பக்கத்துச் செம்மண்ணை லாரியில் ஏற்றி வந்தால் 'மனை மண்' என்று ஷீட்டில் எழுத முடியாது. களி கோடையில் பிளக்கும், நடவுத் தண்ணீர் வந்தால் உப்பும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல்தான். அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணில் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) பற்றி உங்கள் சாரிடம் கேள். பீடம், அதாவது வெளி மண்ணிலிருந்து கட்டடத்தின் தரை, எவ்வளவு உயரம் என்று புத்தகத்தில் தேடாதே. பக்கத்துத் தெருவில் பழைய திண்ணைகளை அளந்து பார்.

விடுதிக் காப்பாளர்:
ஆறு மணி ஆனால் கொசு. பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் ஆர்க்கிடெக்ட் மேடம் சொன்ன காற்று எங்கே? ஜன்னல் அளவுக்கு மட்டும் வலை அடித்தால் பாதிக் காற்று நின்றுவிடும். தாழ்வாரம் முழுக்க வலை போட்டுவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் 120 பேர் துணி எங்கே காயும் என்று எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததே இல்லை.

மன்னை மாணவி:
எல்லோருக்கும் நன்றி. கோபம் இறங்கிவிட்டது! ஒரே வரிசை என்றால் கட்டடம் இரட்டிப்பு நீளமாகிறதே அக்கா, மனையில் அடங்காது. மழைநீருக்கு உறிஞ்சுகுழி போட்டிருந்தேன், களியில் அது வேலை செய்யுமா?

குடந்தை ஆர்க்கிடெக்ட்:
இரண்டு சிறகாகப் பிரி. முன் சிறகு பின் சிறகின் காற்றை மறைக்காத அளவுக்கு இடைவெளி விடு, அங்கே துணிக்கொடிக்குக் கூரை போட்டுக்கொள். உறிஞ்சுகுழி களியில் நிரம்பி நிற்கும். கடைமடைப் பக்கம் நிலத்தடி நீரும் பல இடத்தில் உப்பு, எனவே சேமிப்பதுதான் சரி. 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். தொட்டி நிரம்பி வழிவது குளத்துக்குப் போகட்டும். குளம் வெட்டும் மண்ணில் பாதையை உயர்த்து, தரைக்கு அடியில் மட்டும் அந்தக் களியைக் கொட்டாதே. செக்‌ஷனை (குறுக்குவெட்டு வரைபடத்தை) போட்டதும் இங்கே ஏற்று, பார்க்கிறேன்.