எம்எம் 540 துரு வேலை: 30 ஆயிரத்துக்குள் முடியுமா?

எண்ணூர்_540:
வண்டி 94 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப். எண்ணூர்ல, கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள்ள, ஷெட்ல நிக்குது. டிரைவர் கால் வைக்கிற இடத்துல ஸ்குரூ டிரைவரால குத்தினா உள்ள போகுது. பின் வீல் ஆர்ச்ல பெயின்ட் கொப்புளம். சேசிஸ்ல துரு செதில் செதிலா வருது, ஆனா சுத்தியலால தட்டினா கணீர்னு கேக்குது. ஒரு டிங்கர் பட்டி (ஓட்டை, பள்ளத்தை நிரப்புற பசை) போட்டு பெயின்ட் அடிச்சுத் தர 18 ஆயிரம் கேக்குறார். என் கையில 30 இருக்கு. துரு மேல கன்வர்டர் (துருவைக் கருப்புப் படலமா மாத்துற திரவம்) அடிச்சுட்டு பெயின்ட் அடிச்சா நிக்குமா? ஆர்மி பச்சை அடிக்கணும்னு ஆசை.

தகடு_வெல்டிங்:
ஓட்டை மேல பட்டி போட்டா அடுத்த ஐப்பசி மழை வரைக்கும்தான். பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்பக்கத்துல துரு தின்னுக்கிட்டே வரும், ஒரு நாள் பாளம் பாளமா கழண்டு விழும். அந்த 18 ஆயிரத்தைக் குடுக்காதீங்க.

சேசிஸ் கணீர்னு கேட்டா நல்லது. 'தொக்'னு கேக்குற இடம்தான் மெலிஞ்ச இடம். ஸ்பிரிங் ஹேங்கர் (பட்டை ஸ்பிரிங் சேசிஸ்ல தொங்குற பிடி), பாடி மவுன்ட் ரப்பர் (பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருக்குறது) உக்காருற இடம், தரைக்கு அடியில குறுக்கா போற சேனல், இந்த மூணையும் தட்டிப் பாருங்க. சேனலுக்குள்ள சேறு அடைச்சுக்கிட்டு வருஷக்கணக்கா ஈரம் நிக்கும். தரை ஓட்டையாகுறதே அங்கிருந்துதான்.

பளபளன்னு நல்ல இரும்பு தெரியுற இடத்தையும் தாண்டி ஒரு இஞ்ச் வெட்டுங்க. தரைக்கு 16 கேஜ், சைடுக்கு 18 கேஜ் சிஆர் தகடு (துத்தநாகம் பூசாத சாதா இரும்புத் தகடு). ஜிஐ தகடு (துத்தநாகம் பூசினது) வேண்டாம்: வெல்டிங் புகை உடம்புக்கு ஆகாது, எனாமலும் அதுல பிடிக்காம உரியும். சிஓ2 வெல்டிங்ல இங்க ஒரு டேக் (சின்னப் பொட்டு), அங்க ஒரு டேக்னு மாத்தி மாத்தி வைக்கச் சொல்லுங்க. ஒரே இழுப்பா இழுத்தா தகடு நெளிஞ்சுடும். அதுக்கு முன்னாடி டீசல் டேங்க்கை இறக்கி தூரமா வைங்க, பேட்டரி நெகட்டிவையும் கழட்டிடுங்க. தண்ணி வடியுற ஓட்டைங்களை மட்டும் யாரும் அடைச்சுடாம பாத்துக்குங்க.

உப்புக்காத்து:
மேல சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. எண்ணூர்ல உங்க எதிரி துரு இல்ல, துருவுக்கு அடியில இருக்குற உப்பு. அதைக் கழுவாம என்ன பெயின்ட் அடிச்சாலும் அடியில இருந்து கொப்புளம் கிளம்பும். போர் தண்ணியில கழுவாதீங்க. அந்தப் பக்கம் நிலத்தடி நீர்ல கடல் தண்ணி ஏறி ரொம்ப காலம் ஆச்சு, உப்பைக் கழுவ உப்புத் தண்ணி ஊத்துன கதையாயிடும். மெட்ரோ தண்ணி (குழாய்ல வர்ற குடிதண்ணி) 4, 5 குடம் எடுத்து வைங்க.

செதிலை முதல்ல சிப்பிங் சுத்தியலால தட்டி எடுங்க. நேரா கப் பிரஷ் (கிரைண்டர்ல மாட்டுற கம்பி பிரஷ்) போட்டா துரு மேலயே பாலிஷ் ஏறி கருப்பா மினுங்கும். பாக்க இரும்பு மாதிரி இருக்கும், உள்ள குழியில துரு அப்படியே நிக்கும். கப் பிரஷ்ஷுக்கு அப்புறம் 80 நம்பர் பிளாப் டிஸ்க் (எமரி மடிப்பு வச்ச வட்டு) மெல்ல ஓட்டுங்க. குழியில இருக்குறதுக்கு பாஸ்பாரிக் ஆசிட். 85 சதவீத ஆசிட் 1 பங்கு, தண்ணி 5 பங்கு. தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும். கண்ணாடி, கையுறை கட்டாயம். 15 நிமிஷம், காயவிடாம தேய்ச்சு, நல்லா அலசி, துணியால துடைச்சு, ஹீட் கன்னால காய வைங்க. பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். அதுல இருக்குற குளோரைடு தகட்டுலயே தங்கி, ஒரே ராத்திரியில மஞ்சள் துரு திரும்பிடும்.

கன்வர்டர் கேட்டீங்க. சுரண்ட முடியாத மூலைக்கு மட்டும் அடிங்க. வெறும் இரும்பு மேல அதுக்கு வேலை இல்ல. கன்வர்டரோட அமிலம் மிச்சம் இருந்தா எபாக்ஸி பிரைமர் (ஹார்டனர் கலந்து அடிக்கிற அடிப்பூச்சு) சரியா இறுகாது.

காஞ்ச அன்னைக்கே 2 கோட் எபாக்ஸி பிரைமர். அதுக்கு மேல சீம் சீலர் (தகடு சேருற இணைப்பை அடைக்கிற பசை), அதுக்கு மேல தேவையான இடத்துல மெல்லிசா பட்டி. பட்டியைத் தண்ணி விட்டுத் தேய்க்காதீங்க, உலர்வாவே தேய்ங்க.

பச்சை_வேண்டாம்:
எபாக்ஸி சரி, ஆனா அதுக்கு மேல 2கே பியு (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பெயின்ட்) வேண்டாம். விலையும் அதிகம், ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது, சாதா மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டு ஷெட்டுக்கு சிந்தெடிக் எனாமல் போதும். பிரைமரை 320 நம்பர் எமரி பேப்பர்ல லேசா உரசிட்டு, 1.4 எம்எம் நாசில்ல, மெல்லிசா 3 கோட். எனாமல் மேல என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கான தின்னர்) பட்டா சுருங்கிப் போயிடும், ஸ்ப்ரே கன்னை நல்லா கழுவிட்டு ஊத்துங்க.

அளவு: எபாக்ஸி ஹார்டனரோட சேத்து 4 லிட்டர், எனாமல் 4 லிட்டர் வாங்கினா சேசிஸ், பாடி உள்ளும் புறமும் ஓடிடும். ஹார்டனர் விகிதம் டின்ல போட்டிருக்கும், கண்ணளவுல ஊத்தாதீங்க.

காலையில 9 மணிக்கு ஆரம்பிச்சு கடல் காத்து திரும்புறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. அப்புறம் ஈரமும் உப்பும் சேந்து வரும். அனல் மின் நிலையச் சாம்பல் பறக்குற ஊர் வேற, ஷெட்டைச் சுத்தி தார்ப்பாய் கட்டுங்க.

பச்சையை விட்டுடுங்க. மத்திய மோட்டார் வாகன விதி 121 படி ராணுவ வண்டி தவிர யாரும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. வேற கலருக்கு மாறினாலும் ஆர்சியில ஏத்தணும். ஆர்சியில இருக்குற கலரையே அடிச்சா அந்த அலைச்சலும் மிச்சம்.

எண்ணூர்_540:
ஆர்சியில வெள்ளைனு இருக்கு, அதையே அடிச்சுடுறேன். சேசிஸ்ல பழைய இஞ்சின் ஆயில் பூசுனா துரு பிடிக்காதுன்னு மெக்கானிக் சொல்றார், பூசலாமா?

உப்புக்காத்து:
பூசாதீங்க. ரப்பர் புஷ்ஷும் மவுன்ட்டும் ஊறி உப்பிடும், சாம்பலும் மணலும் ஒட்டி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். சேனலுக்குள்ள கேவிட்டி வேக்ஸ் (உள் இடுக்குல துருவைத் தடுக்கிற மெழுகு) அடிங்க, நீட்டு டியூபோட ஸ்ப்ரே டப்பாவா கிடைக்கும். எனாமல் நல்லா காஞ்சு ஒரு வாரம் கழிச்சு, வடியுற ஓட்டை வழியா டியூபை விட்டு, மறுமுனையில சொட்டுற வரைக்கும்.