அம்மாவுக்கு ஞாபக டெஸ்டில் 30க்கு 17. மறதி நோய்தானா?

சிப்புட்_பையன்:
அம்மாவுக்கு 74 வயது. பால்மரம் வெட்டியவர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. இனிப்புநீர் மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டர் எம்எம்எஸ்இ என்ற ஞாபக டெஸ்ட் எடுத்தார், எல்லாம் மலாயில். 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் 93ஓடு நின்றுவிட்டார். தேதி கேட்டதற்கு "ஆடி மூணாவது வெள்ளி" என்றார், அதற்கும் சைபர்! ஒன்றை ஒன்று வெட்டும் ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னதும் பென்சிலையே தள்ளி வைத்துவிட்டார். இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். சமையல் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறார், ஆனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். தங்கச்சி அழுதுகொண்டே இருக்கிறாள்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:
தம்பி, முதலில் தங்கச்சியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். 1975இல் வந்த டெஸ்ட் அது, பொதுவாக 24க்குக் கீழே போனால் சந்தேகப்படுவார்கள், ஆனால் படிப்பு குறைவானவர்களுக்கும் தெரியாத மொழியில் பதில் சொல்பவர்களுக்கும் நோய் இல்லாமலே மார்க் இறங்கும். பென்சில் பிடித்தே பல வருஷமான கையிடம் ஐங்கோணம் கேட்டால் என்ன வரும்? ருடாஸ் என்று ஒன்று உண்டு, ஆஸ்திரேலியாவில் பல மொழிக்காரர்களுக்காகச் செய்தது; டீ, சமையல் எண்ணெய், முட்டை, சவுக்காரம் என்று கடைச் சாமான் நாலை ஞாபகம் வைக்கச் சொல்வார்கள், சாலையை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்பார்கள். அது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாரா? ரொம்ப வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் மறதி வரும். பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தைப்பிங்_மாலா:
மிஸ்ஸி சொல்வது சரிதான், ஆனால் படிக்காதவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு ஐங்கோணத்தைவிட அந்தத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் உறுத்துகிறது. ஏடி8 என்று எட்டுக் கேள்வி இருக்கிறது, வீட்டுக்காரர்கள் பதில் சொல்வது. கடந்த சில வருஷத்தில் மாறியிருக்கிறாரா என்பதுதான் கணக்கு: பணக் கணக்கில் தடுமாற்றம், டாக்டர் தேதியை மறப்பது, சொன்னதையே சொல்வது இப்படி. இரண்டு அல்லது அதற்கு மேல் ஆமாம் என்றால் முழுசாகப் பார்க்க வேண்டும். அதுவும் நோய் என்று முடிவு சொல்வதில்லை.

குணா77:
கடிதத்தை வீணாக்காதீங்க பாஸ். கூடவே போய் தமிழில் எடுத்துச் சொல்லுங்க, ஆனா பதிலை நீங்க சொல்லிடாதீங்க. கண்ணாடி மறக்காம கொண்டு போங்க.

சிப்புட்_பையன்:
நன்றிக்கா, நன்றி அண்ணே. மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறார், பி12 பார்த்ததே இல்லை. தங்கச்சியும் நானும் தனித்தனியாக ஏடி8 போட்டோம், அவள் மூன்று ஆமாம், நான் ஒன்று. அவள்தான் கூட இருக்கிறாள், அதனால் அவளையே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்.